மாட்டுக்கு ஒரு சீட்டு, வண்டிக்கு ஒரு சீட்டா?

வண்டி நிறுத்தினால் காசு கொடுக்கத்தான் வேண்டும் என்பது இன்று யாரும் கேள்வி கேட்காத நியாயமாகிவிட்டது. ஆட்டுச் சந்தை, மாட்டுச் சந்தை, ஜல்லிக்கட்டு, மாட்டுவண்டிப் பந்தயம், குதிரைவண்டிப் பந்தயம் என்று கால்நடை கூடுகிற இடங்களுக்கும் அந்த நியாயம் வந்து சேர்ந்திருக்கிறது. மாட்டுக்குத் தலைக்கு இவ்வளவு என்று சீட்டுக் கிழித்த கையோடு, அதை ஏற்றி வந்த குட்டி யானை என்கிற சிறு சரக்கு வண்டிக்கும் லாரிக்கும் இன்னொரு சீட்டு. எல்லாச் சந்தையிலும் இப்படி இல்லை. ஆனால் வாங்குகிற இடங்களில் எதிர்த்துப் பேச ஆளில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தில் சித்தன்னவாசல், அன்னவாசல், இலுப்பூர்ப் பக்கம் ஆடு மாடு வளர்ப்பவர்களே “குடுத்துத்தானே ஆகணும்” என்று பழகிவிட்டார்கள். படித்தவர்கள் இதற்கு ஒரு தத்துவமே சொல்கிறார்கள்: பயன்படுத்துகிறவர் பணம் கட்ட வேண்டும். இந்தத் தத்துவம் கால்நடை வண்டிக்குப் பொருந்தாது. பொருத்தினால் சுமை கடைசியில் மாட்டின் உடம்பில்தான் விழும்.

எதிர்த்தரப்பு சொல்வதை முதலில் முழுசாகச் சொல்லிவிடுகிறேன். சந்தைத் திடல் ரப்பர் மாதிரி நீளாது. ஒரு லாரி நிற்கிற இடத்தில் நாலைந்து மாடு கட்டலாம். பக்கத்து ஊரிலிருந்து மாட்டை நடத்தி வருகிற சம்சாரி, வியாபாரியின் லாரிக்கு இடம் கொடுக்கிற செலவை ஏன் சுமக்க வேண்டும்? உள்ளாட்சிக்கு வருமானம் குறைவு, சந்தை ஏலம்தான் கைக்கு வருகிற காசு. கட்டணம் இல்லையென்றால் சந்தைக்குச் சம்பந்தமில்லாத வண்டியெல்லாம் வந்து அடைந்துவிடும். ஆஸ்பத்திரியில் கொடுக்கிறோம், கோயிலில் கொடுக்கிறோம், சுற்றுலா இடத்தில் கொடுக்கிறோம், இங்கு மட்டும் ஏன் கூடாது? பல்லாயிரத்துக்கு மாடு விற்க வந்தவனுக்கு ஐம்பது ரூபாய் ஒரு காசா?

இவற்றில் ஒன்றுகூட அற்பமான வாதம் இல்லை. ஆனாலும் ஒன்றுகூட நிற்காது.

1. மாட்டையும் வண்டியையும் பிரித்துப் பார்ப்பதே முதல் பிழை. மாட்டுக்குச் சீட்டுப் போடுவது எதற்காக? மாடு அந்தத் திடலுக்குள் வரவும், நிற்கவும், விலை பேசப்படவும். வருவதற்கான வழிதான் வண்டி. அன்னவாசல், இலுப்பூர், விராலிமலை என்று மணப்பாறைச் சந்தை வரைக்கும் மாட்டை இராத்திரியோடு இராத்திரியாக ஓட்டிப்போன காலத்தில் சாலை மாட்டுக்கும் சொந்தமாக இருந்தது. இன்று அந்தச் சாலையில் மணல் லாரியும் தனியார் பேருந்தும் வருகிற வேகத்துக்கு நடுவே ஜோடி மாட்டை நடத்தச் சொல்வது கொலைக்குச் சமம். ஆகவே வண்டி என்பது வசதி பார்த்து எடுத்த முடிவு இல்லை. தூரத்து மாடு சந்தைக்கு வர இருக்கிற ஒரே வழி அது.

சுற்றுலா இடத்துக் காரோடு இதை ஒப்பிடுகிறவர்களுக்கு ஒரு சின்னக் கேள்வி. சித்தன்னவாசலில் ஏழடிப்பட்டத்துச் சமணப் படுக்கைகளையும் அறிவர் கோயில் ஓவியத்தையும் பார்க்க வருகிறவர் காரில் வரலாம், விருப்பப்பட்டால் புதுக்கோட்டையிலிருந்து பஸ்ஸிலும் வரலாம். கட்டணம் வேண்டாமென்றால் அவருக்கு வேறு வழி உண்டு. பசு மாட்டைப் பஸ்ஸில் ஏற்ற முடியுமா? மாற்று வழி இருக்கிறவரிடம் கேட்பது விலை. மாற்று வழியே இல்லாதவரிடம் கேட்பது வரி. வரியென்றால் அதற்குரிய பெயரில், அதற்குரிய முறையில் போட வேண்டும்.

இங்கிலாந்திலும் இப்படி ஒரு சண்டை இருக்கிறது. சொந்தத் தொழுவம் இல்லாத குதிரைக்காரர்கள் மாத வாடகைக்கு வேறொருவர் பண்ணையில் குதிரையை விட்டிருப்பார்கள். குதிரையை ஏற்றிப் போகிற டிரெய்லரையும் லாரியையும் அங்கேயே நிறுத்த, பண்ணைக்காரர் தனியாகப் பணம் கேட்கலாமா என்று அங்கே பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் கேட்கலாம் என்பேன். அங்கே டிரெய்லர் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் சும்மா நிற்கிறது. வேண்டாமென்றால் வீட்டு வாசலில் நிறுத்திக்கொள்ளலாம். அது பத்திரப்படுத்தி வைக்கிற கூலி. நம் சந்தையில் வண்டி விடிகாலையில் மாட்டோடு வந்து, மதியத்துக்குள் மாட்டோடோ மாடு விற்ற காசோடோ போய்விடுகிறது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. அதேபோல, ஜல்லிக்கட்டு ஊரில் அறுப்பு முடிந்த வயலில் வண்டியை விட்டால் வயல்காரருக்குப் பணம் கொடுப்பதும் நியாயம்தான். அவர் வரப்பு உடைகிறது, மண் இறுகுகிறது. என் சண்டை பொது இடத்தில், பொது அமைப்பின் பெயரில் நடக்கிற வசூலோடு.

2. தலைக்குப் போடாமல் வண்டிக்குப் போட்டால் என்ன ஆகும்? இதுதான் என் மறுப்பின் மையம், இதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. வண்டிக்கு 100 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஒரு மாடு ஏற்றி வந்தால் அந்த மாட்டின் மேல் 100 ரூபாய் விழுகிறது. மூன்று மாட்டைத் திணித்தால் தலைக்கு 33. அதாவது நெருக்கி அடைக்கிறவனுக்குச் சலுகை, விலங்குக்கு இடம் விட்டுக் கொண்டுவருகிறவனுக்குத் தண்டனை.

சட்டம் இதற்கு நேர் எதிராகச் சொல்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2015-ல் ஒரு திருத்தம் வந்தது, 2016 ஜனவரி 1 முதல் நடைமுறை. கால்நடை ஏற்றும் வண்டியில் ஒவ்வொரு விலங்குக்கும் தனித்தடுப்பு வேண்டும். மாடு, எருமைக்கு 2 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது, குதிரைக்கு 2.25, ஆட்டுக்கு 0.3. குட்டி யானையின் பின்தளத்தை அளந்து பாருங்கள். நீளம் 7 அடிக்குச் சற்று அதிகம், அகலம் 5 அடிக்குச் சற்றுக் குறைவு, மொத்தம் 35 சதுர அடி. 2 சதுர மீட்டர் என்றால் இருபத்தொன்றரைச் சதுர அடி. இரண்டு மாட்டுக்கு 43 வேண்டும். ஆகச் சட்டப்படி ஒரு குட்டி யானையில் ஒரு மாடுதான். குதிரையென்றாலும் ஒன்றுதான். சட்டத்தை மதித்து ஒற்றை மாட்டோடு வருகிறவனிடம் முழுக் கட்டணமும், மீறி மூன்று அடைத்து வருகிறவனிடம் தலைக்கு மூன்றில் ஒரு பங்கும் வாங்குகிற ஏற்பாட்டுக்கு எந்தத் தத்துவம் துணை நிற்கும்?

நெருக்கி அடைத்த வண்டியில் என்ன நடக்கும் என்று மாடு வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பிரேக் அடிக்கும்போது மாடு கால் மாற்றி ஊன்றிச் சமாளிக்கும், அதற்கு இடம் வேண்டும். இடமில்லையென்றால் பக்கத்து மாட்டின் மேல் சாயும். கீழே விழுந்தால் எழ முடியாது, மற்றது மிதிக்கும். மூக்கணாங்கயிற்றைக் கம்பியோடு குட்டையாகப் பிடித்துக் கட்டியிருந்தால் மூக்கு கிழியும். அப்படிக் கிழிந்த மூக்கோடு இறங்கிய மாட்டுக்குத் தரகர் முதல் பேச்சிலேயே விலையைக் குறைப்பார்.

3. கட்டணம் வைத்தால் ஒழுங்கு வரும் என்கிறார்களே, வருகிறதா? வாசலில் சீட்டுக்காரர் நிற்கிறார் என்றால் டிரைவர் வாசலுக்கு வரவே மாட்டார். அரை கிலோமீட்டர் முன்னாடியே ரோட்டோரம் ஒதுக்கி மாட்டை இறக்கிவிட்டு, அடுத்த வாடகைக்குக் கிளம்பிவிடுவார். ஒரு சந்தைக்கு வெளியே நான் பார்த்தது இது. இன்னும் இருட்டு விலகவில்லை. வழக்கமாக வாய்க்கால் கரையிலோ மண்மேட்டிலோ வண்டியைப் பின்பக்கமாக ஏற்றி, தளம் மண்ணோடு சமமாகிற மாதிரி நிறுத்தித்தான் மாட்டை இறக்குவார்கள். அங்கே மேடு கிடையாது. பின்கதவைத் திறந்து, இரண்டு வைக்கோல் கட்டைக் கீழே போட்டு, முன்னால் ஒருவர் பிடிகயிற்றை இழுக்க, பின்னால் ஒருவர் வாலை முறுக்க, சினை மாடு ஒன்று குதித்தது. முன்னங்கால் வைக்கோலில் வழுக்கித் தார்ரோட்டில் முட்டி போட்டது. அந்தப் பக்கம் விளக்கைப் போட்டுக்கொண்டு பஸ் வந்துகொண்டிருந்தது. மாட்டுக்காரரிடம், “ஏண்ணே, உள்ள போய் இறக்கக் கூடாதா?” என்றேன். “உள்ள போனா வண்டிக்குத் தனியாச் சீட்டு தம்பி, டிரைவர் என் தலையில கட்டிருவாரு” என்றார். திடலுக்குள் நெரிசல் குறைந்திருந்தது உண்மைதான். அது முழுக்கச் சாலைக்கு வந்திருந்தது. இதை ஒழுங்கு என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

விற்காத மாட்டின் கதை இன்னும் மோசம். டிரைவர் காத்திருந்தால் வண்டிக்குச் சீட்டு, போய்விட்டால் சாயங்காலம்தான் திரும்புவார். பங்குனி, சித்திரை வெயிலில், தீவனம் தீர்ந்துபோன வீட்டிலிருந்து வந்த மாடு அதுவரை தண்ணீர் இல்லாமல் நிற்க வேண்டும். எங்கள் பக்கம் மானாவாரி பூமி. கண்மாய் வற்றிய வருஷம்தான் சந்தைக்கு மாடு அதிகம் போகும். அந்த நேரத்தில் விற்க வருகிறவரைப் பணம் பார்க்க வந்தவர் என்று நினைப்பதே கொடுமை.

4. கட்டணம் என்றால் எதற்கான கட்டணம்? பழைய வண்டிப்பேட்டைகளில் கட்டணம் இருந்தது, மறுக்கவில்லை. மெட்ராஸ் மாகாணத்து உள்ளாட்சிச் சட்டக் காலத்திலிருந்து இன்றைய ஊராட்சிச் சட்டம் வரைக்கும் அதற்கு இடமும் இருக்கிறது. ஆனால் சட்டத்தின் வரிசையைக் கவனிக்க வேண்டும்: முதலில் நிறுத்துமிடத்தை ஏற்படுத்திக் கொடுக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் அதைப் பயன்படுத்தக் கட்டணம். வண்டிப்பேட்டையில் தண்ணீர்த் தொட்டி இருந்தது, மரநிழல் இருந்தது, மாட்டை அவிழ்த்துக் கட்ட இடம் இருந்தது. இன்று வண்டிச் சீட்டு வாங்குகிற இடத்தில் மாட்டை இறக்க ஒரு சாய்தளம் உண்டா? ஒரு தொட்டித் தண்ணீர் உண்டா? வெறும் புழுதித் தரைக்குக் கட்டணம் என்றால், மாட்டுச் சீட்டு எந்தத் தரைக்கு?

இந்தக் கேள்வி நீதிமன்றத்துக்கும் புதிதில்லை. வரிக்கும் கட்டணத்துக்கும் உள்ள வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் தெளிவாகப் பேசியது 1954-ல், ஷிரூர் மடம் வழக்கில். மெட்ராஸ் மாநில அறநிலையச் சட்டத்திலிருந்து எழுந்த வழக்கு அது. கட்டணம் என்றால் பதிலுக்கு ஒரு சேவை இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். 1979-ல் பஞ்சாப், ஹரியானா மண்டிக் கட்டணம் பற்றிய கேவல் கிரிஷன் பூரி வழக்கில், வசூலித்ததில் பெரும்பகுதி கட்டியவர்களுக்கான சேவைக்கே போக வேண்டும் என்று சொன்னது. பிறகு 1983-ல் ஸ்ரீனிவாசா ஜெனரல் டிரேடர்ஸ் வழக்கில், பைசாவுக்குப் பைசா கணக்குக் காட்ட வேண்டியதில்லை, பொதுவான தொடர்பு இருந்தால் போதும் என்று இளக்கம் கொடுத்தது. எதிர்த்தரப்புக்குச் சாதகமான அந்தத் தீர்ப்பையே எடுத்துக்கொள்கிறேன். பொதுவான தொடர்பாவது எங்கே?

ஒரு செய்தியை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். 2017 மே மாதம் மத்திய அரசு கால்நடைச் சந்தை விதிகளை அறிவித்தது. இறைச்சிக்காக மாடு விற்கத் தடை போட்டதால் நாடே கொதித்தது, மே 30-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது, ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் நீட்டித்தது. நீதிமன்றம் விதித்த தடை சரி என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அதே விதிகளில் சந்தைக்குச் சாய்தளம், தண்ணீர், நிழல், விளக்கு, வழுக்காத தரை, கால்நடை மருத்துவ வசதி வேண்டும் என்றும் இருந்தது. மாட்டு அரசியல் பேசிய இரண்டு தரப்பும் அந்தப் பக்கத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேண்டாததை எதிர்த்தோம், வேண்டியதைக் கேட்கத் தவறினோம். அந்த இடைவெளியில் கட்டணம் மட்டும் வளர்ந்தது.

5. வண்டி வைத்திருப்பவர் வசதியானவர் என்று யார் சொன்னது? சந்தைக்கு வருகிற வண்டிகளில் வாடகை வண்டிகள் எத்தனை என்று ஒரு காலைப் பொழுது நின்று பார்த்தால் போதும். புதுக்கோட்டை வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்கு நாலைந்து வீட்டுப் பெண்கள் சேர்ந்து ஒரு லோடு ஆட்டோ பிடிப்பார்கள். ஆளுக்கு ஒன்றோ இரண்டோ ஆடு. வெள்ளாட்டை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்து வருகிறவர்கள். வண்டிக்குச் சீட்டு என்று ஒன்று வந்தால் டிரைவர் தன் கையிலிருந்து கொடுக்க மாட்டார், வாடகையோடு சேர்த்து அவர்களிடம்தான் வாங்குவார். லாரி கொண்டுவருகிற வியாபாரிக்கோ அந்தப் பணம் பத்து மாட்டில் பரவிக் காணாமல் போய்விடும். நடந்து வருகிற சம்சாரியைக் காப்பாற்றத்தான் இந்தக் கட்டணம் என்பவர்கள், ஒற்றை ஆட்டுக்காரியிடம் தலைக்கணக்கில் வியாபாரியைவிட அதிகம் வாங்கிவிடுகிறார்கள். பெரிய லாரிக்கு அதிகம், சின்ன வண்டிக்குக் குறைவு என்று வைத்தாலும் இந்தக் கணக்கு முழுதாக நேராகாது. தலைக்கணக்கில்தான் நேராகும்.

6. “உள்ளாட்சிக்கு வருமானம் வேண்டாமா?” வேண்டும். ஆனால் இந்தப் பணம் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். வசூல் உரிமை ஏலத்துக்குப் போகிறது. ஏலம் எடுத்தவர் போட்ட பணத்தை ஒரு வருஷத்துக்குள் எடுத்தாக வேண்டும். இந்த வருஷம் வண்டிச் சீட்டில் நன்றாக வசூலானால் அடுத்த வருஷம் ஏலத் தொகை அதற்கேற்ப ஏறும். ஏறிய தொகையை எடுக்க வசூலும் ஏறும். பராமரிப்புக்கென்று ஆரம்பித்தது இப்படித்தான் கைவிட முடியாத வருமானமாகிறது. நடுவில் இருப்பது ஒரு மெல்லிய துண்டுச் சீட்டு. அச்சடித்த வரிசை எண் இருக்கும், தொகை இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும், அதில் பேனாவால் எழுதித் தருவார்கள். கட்டண விவரப் பலகை எங்கே என்று கேட்டால் மழையில் விழுந்துவிட்டது என்பார்கள். சீட்டு எழுதுகிற பையனைக் குறை சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை, அவன் நாள் சம்பளத்துக்கு நிற்கிறான். பலகை இல்லாமல் வசூலிக்க விடுகிற நிபந்தனைகளை எழுதியவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

சம்பந்தமில்லாத வண்டிகள் வந்து அடையும் என்ற பயத்துக்கு மருந்து எளிது. கால்நடை ஏற்றாத வண்டிக்குக் கட்டணம் போடுங்கள், நான் எதிர்க்க மாட்டேன். ஏற்றி வந்த வண்டிக்கு இறக்குமிடம், நிற்குமிடம் என்று பிரித்து நேரம் குறியுங்கள். நேரம் தாண்டினால் அபராதம் வாங்குங்கள். ஒழுங்குக்கு வேண்டியது நேரக்கட்டுப்பாடு, வாசல் சீட்டு அதைத் தராது.

7. ஜல்லிக்கட்டிலும் பந்தயத்திலும் இந்தக் கட்டணத்துக்குத் துளியும் நியாயமில்லை. புதுக்கோட்டை மாவட்டம் வாடிவாசல்களின் மாவட்டம். வருஷத்தின் முதல் ஜல்லிக்கட்டு தச்சங்குறிச்சியில் நடப்பது வழக்கம். 2019 ஜனவரியில் விராலிமலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட காளைகள் அவிழ்க்கப்பட்டன. அந்தக் காளைகளில் பெரும்பாலானவை வண்டியில் வந்தவை. வருஷம் முழுக்கப் பருத்திக்கொட்டையும் தவிடும் வைத்து, நீச்சல் பழக்கி வளர்க்கிறவர் அந்தக் காளையால் சம்பாதிப்பது எதுவுமில்லை, பிடிபடாமல் போனால் ஒரு பரிசு, அவ்வளவுதான். அவர் வராவிட்டால் ஜல்லிக்கட்டே இல்லை. பூஞ்சிட்டு, கரிச்சான் என்ற பிரிவுகளில் ஜோடி ஜோடியாகப் பந்தயத்துக்கு மாடுகளைக் கொண்டுவருகிறவர்களும், குதிரையை ஏற்றி வருகிறவர்களும் அப்படித்தான். விழாவையே கொண்டுவந்து தருகிறவரைப் பார்வையாளர் கணக்கில் சேர்த்து வண்டிக்குக் காசு கேட்பது என்ன முறை? 2014-ல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தபோது காளை எங்கள் வீட்டுப் பிள்ளை என்று சொன்னோம். 2017-ல் சட்டம் கொண்டுவந்தோம், 2023 மே மாதம் அரசியல் சாசன அமர்வு அந்தச் சட்டத்தை ஏற்றது. அந்த வழக்கில் நாம் வைத்த வாதங்களில் ஒன்று, காளையின் நலனை நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்பது. இராத்திரியிலிருந்து வரிசையில் நிற்கிற வண்டிக்குள் காளை கால் மடக்கிப் படுக்க இடமில்லாமல் நிற்கிறதே, அதை இறக்கிக் கட்ட நிழலும் தண்ணீரும் வைப்பதுதான் அந்த வாக்கை நிறைவேற்றுகிற வழி.

பணம் வேண்டுமென்றால் அதற்கும் வழி சொல்கிறேன். வண்டிச் சீட்டை எடுத்துவிடுங்கள். விற்ற மாட்டுக்கு, விற்ற ஆட்டுக்கு, விலை முடிந்த பிறகு, வாங்கியவரிடம் தலைக்கு இவ்வளவு என்று வாங்குங்கள். விற்காமல் திரும்புகிறவரிடம் எதுவும் வேண்டாம். தொகையைப் பலகையில் எழுதுங்கள், சீட்டில் அச்சடியுங்கள். வருகிற பணத்தில் முதல் வருஷமே மூன்றடி உயரத்தில் ஒரு சாய்தளமும் ஒரு தொட்டியும் கட்டுங்கள். ஒரு மேஸ்திரியும் இரண்டு சித்தாளும் சில நாளில் முடிக்கிற வேலை அது.

பெரும்பாலும் ஏப்ரலில் குத்தகை ஆண்டு தொடங்கும், அதற்கு முன் ஏல அறிவிப்பு வரும். நிபந்தனைகள் எழுதப்படுவது அதற்கும் முன்னால். சந்தை ஊராட்சிக்கு உட்பட்டதானால் ஜனவரி 26 கிராம சபையில் தீர்மானம் கொண்டுவரலாம். பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சியானால் வார்டு உறுப்பினரைப் பிடித்து மன்றத்தில் எழுப்பலாம். தீர்மானத்தில் இரண்டு வரி போதும்: கால்நடை ஏற்றி வரும் வண்டிக்குத் தனிக் கட்டணம் வசூலிக்க ஏலதாரருக்கு உரிமை இல்லை, சாய்தளமும் தண்ணீர்த் தொட்டியும் இல்லாத சந்தையை ஏலம் விடக் கூடாது.